வேனுக்கு செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸ், வீட்டிலேயே மாத்தினா லாபமா? ஓசூர் கணக்கு!

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு ஆம்னியோ ஈகோவோ நிற்கும். சிப்காட் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏத்த, ராயக்கோட்டை தக்காளியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக, குடும்பத்தோட ஊருக்குப் போக... எல்லாத்துக்கும் ஒரே வண்டி. 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்த ஆம்னி 2019-ல் நின்றுபோச்சு. 2010-ல் வந்த ஈகோ இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கு.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ் போச்சுன்னா, இங்கே உடனே வர்ற யோசனை இதுதான்: "பெங்களூர் 40 கிலோமீட்டர்தானே, சிவாஜிநகர்ல ஒரு பழைய பாக்ஸ் எடுத்துட்டு வந்து நாமே மாட்டிடலாம்." பாதிப் பேர் கம்பெனியில் மெஷின் கழற்றி மாட்டுறவங்க. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஊர் இது. அதனால் 'முடியுமா?' என்ற கேள்வியே வேண்டாம், முடியும். 'லாபமா?' என்பதுதான் கேள்வி. வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில்: போனது கியர்பாக்ஸ்தானா?

தப்பான பாகத்தை மாத்துறதை விடப் பெரிய செலவு வேற இல்லை. காசு செலவாகாத நாலு சோதனையை முதலில் செய்யுங்க.

1. இன்ஜின் ஆஃப்-ல் எல்லா கியரும் சுலபமா விழுது, ஆன் பண்ணினா மட்டும் விழ மறுக்குதா? சந்தேகம் முதலில் கிளட்ச் மேல். கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், கிளட்ச் பிளேட் பாருங்க.
2. நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் சத்தம் வருது, கிளட்ச்சை மிதித்தா நிக்குதா? கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கா இருக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தமே வருதுன்னா அது ரிலீஸ் பேரிங், சின்ன செலவு.
3. ஒரு குறிப்பிட்ட கியருக்கு மாத்தும்போது மட்டும் 'கர்ர்'னு கடிக்குதா? அந்த கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். ஓடும்போது கியர் தானா நழுவி வெளியே வந்தா உள்ளே தேய்மானம் இருக்கு. ஆனா மவுன்டிங் ரப்பரும் கியர் லீவர் இணைப்பும் சரியா இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.
4. வண்டி ஓடும்போது நியூட்ரலில் போட்டு உருட்டினாலும் சத்தம் அப்படியே வேகத்தோட ஏறி இறங்குதா? இது பின் சக்கரம் இழுக்கிற வண்டி. புரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் பின்னால் இருக்கும் கிரவுனும் கூட அப்படிச் சத்தம் போடும்.

இப்போ கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிய நாம வச்சுக்கிட்டவை, மார்க்கெட் ரேட் இல்லை. உங்க மெக்கானிக்கும் கடைக்காரரும் சொல்ற தொகையை அதே இடத்தில் போட்டுக்கோங்க. வண்டியின் ஒரு நாள் வருமானம், பெட்ரோல், கேஸ், ஆள் கூலி எல்லாம் போக, ரூ.900 என்று வைப்போம்.

வழி 1: பழைய பாக்ஸ், வீட்டில் மாட்டுறது. பாக்ஸ் ரூ.12,000. கொண்டுவர ரூ.1,500. கிளட்ச் செட், ஆயில் சீல், கியர் ஆயில் ரூ.5,500. ஜாக்கி, ஸ்டாண்ட் வாடகை ரூ.500. மொத்தம் ரூ.19,500. வண்டி 2 நாள் நிற்கும், ரூ.1,800. ஆக ரூ.21,300.

வழி 2: அதே பழைய பாக்ஸ், மெக்கானிக் கையால். வாடகை ரூ.500 இல்லை, லேபர் ரூ.5,000 சேரும். மொத்தம் ரூ.24,000. அதே 2 நாள். ஆக ரூ.25,800.

வழி 3: உங்க பாக்ஸையே சரி பண்றது. வீட்டில் நீங்களே கழற்றி, கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற மெக்கானிக்கிடம் கொடுக்கிறீங்க. சின்க்ரோ ரிங், பேரிங், அவர் கூலி சேர்த்து ரூ.10,000. கிளட்ச் செட், சீல், ஆயில் ரூ.5,500. வாடகை ரூ.500. மொத்தம் ரூ.16,000. ஆனா வண்டி 5 நாள் நிற்கும், ரூ.4,500. ஆக ரூ.20,500.

நிறைய பேர் மூணாவது வழியை யோசிக்கிறதே இல்லை. கழற்றி மாட்டுற லேபர் உங்களுக்கு மிச்சம். பாக்ஸைத் திறந்து கியர் வரிசையைக் கோர்ப்பதும் இடைவெளி பார்ப்பதும் அனுபவக்காரர் வேலை. அதை அவரிடமே விட்டுட்டீங்க. அதோட உங்க பாக்ஸின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். வாங்கி வர்ற பாக்ஸின் சரித்திரம் யாருக்கும் தெரியாது.

வழி 1-க்கும் வழி 3-க்கும் கைக்காசில் வித்தியாசம் ரூ.3,500. நாளில் வித்தியாசம் 3. வகுத்தா நாளுக்கு சுமார் ரூ.1,170. வண்டி ஒரு நாளைக்கு அதுக்கு மேல சம்பாதிச்சா பழைய பாக்ஸ் லாபம். அதுக்குக் கீழன்னா, அல்லது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் வண்டின்னா, உங்க பாக்ஸை சரி பண்றதுதான் லாபம். உங்க எண்களைப் போட்டா இந்த எல்லை மாறும், ஆனா கணக்குப் போடுற முறை இதேதான். உள்ளே கேஸே உடைஞ்சிருந்தா, பல கியர் பல் போயிருந்தா மட்டும் மூணாவது வழி அடைபடும்.

வாங்கி வந்த பாக்ஸ் சொதப்பினா?

கடைக்காரர் மாத்திக் கொடுத்தாலே இன்னொரு போக்குவரத்து ரூ.1,500, மறுபடி ஆயில், சீல் ரூ.1,500, இன்னும் 3 நாள் நின்றா ரூ.2,700. மொத்தம் ரூ.5,700. வீட்டில் மாட்டி மிச்சம் பிடிச்சது ரூ.4,500-தான். ஒரே ஒரு தவறான பாக்ஸ் முழு மிச்சத்தையும் சாப்பிட்டுட்டு மேலயும் கேட்கும். அதனால் ரூ.500 பேரம் பேசுறதை விட, கடையில் அரை மணி நேரம் கூடுதலா நிற்கிறதுதான் உண்மையான சேமிப்பு.

கடையில் பார்க்க வேண்டியவை

சிவாஜிநகர், சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், எங்கே போனாலும் இதே முறைதான்.

- பொருத்தம்: 2022 கடைசியில் ஈகோவின் இன்ஜின் மாறிடுச்சு. ஆகவே 'ஈகோ பாக்ஸ்' என்று சொன்னா மட்டும் போதாது. வருஷம், பார்ட் நம்பர், இன்புட் ஷாஃப்ட் பற்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகள் எல்லாம் ஒத்துப்போகணும். முடிந்தா உங்க பழைய கிளட்ச் பிளேட்டைக் கையில் கொண்டுபோய் ஷாஃப்ட்டில் போட்டுப் பாருங்க.
- கையால் சுத்துங்க: ஒவ்வொரு கியரிலும் போட்டு இன்புட் ஷாஃப்ட்டைச் சுத்தணும். தடங்கல், 'டக் டக்' இருக்கக் கூடாது. ரிவர்ஸில் பின்பக்கம் எதிர்த்திசையில் சுத்தணும்.
- ஆயில்: கொஞ்சம் எடுத்து விரலில் தேயுங்க. லேசான பளபளப்பு பழைய பாக்ஸில் சகஜம். உலோகத் துகள் கையில் உறுத்தினா வேண்டாம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு. ஆயிலே இல்லைன்னா இன்னும் சந்தேகப்படுங்க.
- உடல்: பெல் ஹவுசிங்கில் விரிசல், வெல்டிங் அடிச்ச தடம், உடைஞ்ச காது இருக்கக் கூடாது.
- பில்லும் வாரண்டியும்: கடைப் பெயர், தேதி, எந்த வண்டியின் பாக்ஸ், எத்தனை நாளுக்குள் மாத்தித் தருவாங்க, எல்லாம் எழுத்தில். வாய் வார்த்தை அத்திப்பள்ளி தாண்டி வராது!

பில் இல்லாம மலிவா கிடைக்கிறதை எடுக்காதீங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குறது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் குற்றம். இன்னொண்ணு: ஆர்.சி.யில் இருப்பது இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும். அதே மாடல் கியர்பாக்ஸ் மாத்தினா ஆர்.சி.யில் மாத்த எதுவும் இல்லை. "சேர்த்தே எடுத்துக்கோங்க சார்" என்று இன்ஜினையும் தலையில் கட்டினா விஷயம் வேற, அதுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேணும்.

மாட்டும்போது மறக்கக் கூடாதவை

வேலை முழுசையும் வீடியோ பார்த்துக் கத்துக்கலாம். காசும் உயிரும் போற இடங்களை மட்டும் இங்கே சொல்றேன்.

- ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கெட்டியான சிமென்ட் தரை, நாலு ஸ்டாண்ட், கூட ஒரு ஆள். பாக்ஸை இறக்க இரண்டு பேர் கட்டாயம்.
- முதலில் பேட்டரி நெகட்டிவ். கேஸ் வண்டின்னா சிலிண்டர் லைனைத் தொடாதீங்க. அதைக் கழற்றாம வேலை நடக்காதுன்னா ஒர்க்‌ஷாப்பில் விட்டுடுங்க.
- புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் பெயின்ட்டால் அடையாளம் வையுங்க. அதே நிலையில் மாட்டலைன்னா வேகத்தில் அதிரும்.
- பாக்ஸ் வெளியே வந்ததும் இன்ஜின் தொங்கும், முன்கூட்டியே முட்டுக் கொடுங்க.
- கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் சீல் இப்பவே பாருங்க. அப்புறம் மாத்தணும்னா இதே வேலை முழுசா மறுபடியும்.
- போல்ட்டை இறுக்கி பாக்ஸை இழுக்காதீங்க. கையால் தள்ளியே இன்ஜினோட முகம் சேரணும். சேரலைன்னா கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை என்று அர்த்தம்.
- வண்டி மட்டமா இருக்கும்போது, நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஆயில் ஊத்தணும். 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு கசிவும் அளவும் பாருங்க. வாரண்டி நாளுக்குள் லோடு ஏத்தியும் ஓட்டிப் பாத்துடுங்க.

கடைசியா ஒரு கேள்வி

உங்க வண்டிக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி? சொந்த உபயோக வண்டிக்கு முதல் ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை ஃபிட்னஸ் பார்த்துப் புதுப்பிக்கணும். செலவு ரூ.21,000, இன்னும் 3 வருஷம் ஓடும்னா வருஷத்துக்கு ரூ.7,000. தாராளமா செய்யலாம். ஆனா பாடி துரு, இன்ஜின் புகை, ஆர்.சி. முடிய ஆறு மாசம் என்ற நிலையில் அதே ரூ.21,000 போட்டா அது ரிப்பேர் இல்லை, வண்டிக்குக் கொடுக்கிற பிரிவு உபசாரம்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு பேப்பரை எடுங்க. மூணு வழி, மூணு தொகை, வண்டி நிற்கும் நாட்கள். பத்து நிமிஷம்தான்.