பழைய கணினியும் நச்சுநிரலும்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். 2014ஆம் ஆண்டில் மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்படும் வரை, பாதை எனப்படும் மிதவையே அங்கு மக்களை அக்கரை சேர்த்தது. பாதையேறியவரோடு அவர் மேனியிலிருந்த காய்ச்சலும் கரை கடந்திருக்கும். இன்று சட்டைப்பையிலுள்ள பென்டிரைவோடு கணினியின் நச்சுநிரல் கரை கடக்கிறது.

வைரஸ் எனப்படும் இந்நச்சுநிரல் உயிருள்ள கிருமியன்று. தன்னைத் தானே படியெடுக்குமாறு மனிதர் எழுதிய கட்டளைத் தொடரேயாகும். 1986ஆம் ஆண்டில் லாகூர் நகரச் சகோதரர் இருவர் இயற்றிய ‘பிரெயின்’ என்பது நெகிழ்தட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறிற்று. கணினி விழிக்கும்போதே தானும் விழித்து, சோதிப்போருக்குப் பழைய தூய பகுதியையே காட்டி மறைந்து கொண்டது. எனவே, நோயுற்ற கணினி தன்னைப் பற்றிக் கூறும் சாட்சியை முழுதும் நம்பலாகாது. மருந்து வெளியிலிருந்து வருதல் வேண்டும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் படங்களை இழந்த குடும்பங்களுக்கு, பழைய வன்தட்டில் எஞ்சியிருக்கும் ஒரு படமும் பெருஞ்செல்வமே. ஆதலால், “போமற் செய்துவிடுவோம்” என்று விரைதல் தகாது. கோப்புகள் இருந்த இடத்திற் குறுக்குவழிக் குறிகள் மட்டுமே தோன்றினால், பெரும்பாலும் அவை அழியவில்லை, மறைக்கப்பட்டே இருக்கின்றன.

முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். அடுத்து, நோயற்ற வேறொரு கணினியில் மீட்புத் தட்டொன்றை ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்கள் சில இதனை இலவசமாகவே வழங்குகின்றன. அத்தட்டிலிருந்து கணினியை இயக்கினால், வன்தட்டிலுள்ள நச்சுநிரல் உறக்கத்திலேயே இருக்கும். அவ்வேளையிற் படங்களையும் கடிதங்களையும் வேறிடத்திற் படியெடுக்கலாம்; செயலிகளைப் படியெடுத்தல் ஆகாது. பின்னரே சோதனையும் நீக்கமும். அவற்றாலும் குணமாகாவிடின், அப்பொழுது போமற் செய்வதில் இழப்பில்லை. அவ்வீட்டின் பென்டிரைவுகளையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். இல்லையேல் நோய் மறுநாளே திரும்பும். கடவுச்சொற்களையும் வேறு கணினியிலிருந்து மாற்றுதல் நன்று.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே பொதுவில் நிறுத்தப்பட்டன. அத்தகைய கணினி தூய்மை பெற்ற பின்னரும் இணையத்தோடு சேராது, எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் பயன்படுதலே நலம். அதிலுள்ள படங்களுக்கு மற்றொரு படி வேறிடத்தில் இருக்குமாயின், எந்த நச்சுநிரலும் அக்குடும்பத்தின் நினைவைப் பறிக்க இயலாது.