லேகியம் வேறு, இந்த ஊசி வேறு!

"வைத்தியரய்யா, எதிர்ப்பு சக்தி ஊசி போடணுங்கிறாங்க. அதுக்கு உங்க லேகியமே போதாதா?" கல்லலில் என்னிடம் வந்த பெரியவர் கேட்டார். நுரையீரல் புற்றுநோய், பரவிய நிலை.

போதாது ஐயா! லேகியம் உடம்பைத் தேற்றும். இந்த ஊசி சத்து ஏற்றுவதல்ல. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் 'பி.டி.1' என்றொரு பிரேக் உண்டு. புற்றணு 'பி.டி.எல்.1' என்ற காலால் அதை மிதித்துத் தப்பிக்கும். ஊசி அந்த மிதியை விலக்கும். இந்த வகை சிகிச்சைக்கு வழிகாட்டிய அலிசன், ஹோன்ஜோ இருவரும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

முதல் சிகிச்சையே இதுவா? சதைப் பரிசோதனைதான் சொல்லும். நுரையீரல் புற்றில் பெரும்பான்மையான 'சிறு செல் அல்லாத' வகையில், பி.டி.எல்.1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் கீமோ இல்லாமலே தொடங்கலாம். குறைந்தால் பெரும்பாலும் கீமோவுடன். 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' மரபணு மாற்றம் இருந்தால் முதலில் மாத்திரைதான். புகைக்காதவர்களிடம் இது அதிகம்.

ஊசிக்குப் பின் மூச்சுத்திணறலோ விடாத பேதியோ வந்தால், கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள். பிரேக் இல்லாத அணுக்கள் நம் உறுப்பையே தாக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள். சாப்பிடும் நாட்டு மருந்தையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

பெரியவருக்கு லேகியம் தரவில்லை. பரிசோதனைக்கு அனுப்பிவைத்தேன். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: நாள் கடத்தாதீர்கள்!