பில் எண் கூடவே போகட்டும்!

லாரி ஷெட்டில் சரக்கு போட்டால் எல்.ஆர். எண் தருகிறார்கள். வழியில் எத்தனை லாரி மாறினாலும், எத்தனை கிட்டங்கியில் இறங்கி ஏறினாலும் அந்த எண் மாறுவதில்லை. சரக்கு வராவிட்டால் அதைச் சொல்லித்தான் விசாரிக்கிறோம். யு.பி.ஐ. மூலம் வரும் பணத்துக்கும் இதே கணக்குத்தான் என்பதை நம் வணிகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

கல்லா அருகே ஒட்டியிருக்கும் சாதாரண கியூ.ஆர். அட்டையில் நம் யு.பி.ஐ. முகவரியும் பெயரும் இருக்கும். தொகையோ பில் எண்ணோ இராது. பணம் வந்ததும் கிடைக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் வங்கி முறையில் உண்டானது. அதைப் பார்த்து நம் பில்லைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே நாளில் 340 ரூபாய் மூன்று முறை வந்திருந்தால் எது யாருடையது? பற்று வைத்தவர் "அன்றைக்கே போட்டுவிட்டேனே" என்றால் என்ன பதில் சொல்வது?

2016-ல் தொடங்கிய யு.பி.ஐ. முறையிலேயே இதற்கு வழி உண்டு. கியூ.ஆர். குறியீட்டுக்குள் தொகைக்கு 'ஏ.எம்.' என்றும், வியாபாரியின் பில் எண்ணுக்கு 'டி.ஆர்.' என்றும் தனித்தனி இடங்கள் உள்ளன. வங்கியிடம் அதற்கான வியாபாரி வசதி பெற்றிருந்தால், பில் போடும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பில்லுக்கும் தனிக் குறியீடு காட்டும். நம் எண் வாடிக்கையாளரின் செயலி வழியே வங்கிக்குப் போய், பணம் வந்த செய்தியோடு நம் கம்ப்யூட்டருக்கே திரும்பும். அந்தப் பில்லும் தானாக வரவாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. ஒரு பில்லுக்கு ஓர் எண்தான். இரண்டு கவுண்டர் இருந்தால் எண்ணோடு கவுண்டர் அடையாளத்தைச் சேருங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது. 16 எழுத்துக்கும் மிகக்கூடாது. ஏப்ரலில் மறுபடி 1-லிருந்து தொடங்குபவர்கள் ஆண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2. முதலில் எண் நம் கணக்கில் பதிவாக வேண்டும். பிறகே குறியீட்டைக் காட்ட வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் தேடிப் பிடிக்கலாம்.

3. வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானால் அதே எண்ணைக் கொண்டு நிலையை விசாரியுங்கள். அவசரப்பட்டுப் புது எண்ணில் மறுபடி கேட்டால், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் போய்விடக்கூடும்.

கைப்பேசித் திரையில் காட்டும் படம் வரவாகாது. நம் பில் எண்ணோடு வங்கியின் செய்தி வந்தால்தான் வரவு. பில் போடும் மென்பொருள் வாங்குமுன், "என் பில் எண் போய்த் திரும்பி வருமா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.