பாணைக் குறைத்த பான்டிங்

இலண்டனில் வில்லியம் பான்டிங் என்றொருவர் இருந்தார். ஐந்தடி ஐந்தங்குல மனிதர். 1862 இல் எடையோ 202 இறாத்தல்! குனிந்து சப்பாத்துக் கட்ட முடியாது. படியிறங்குவதும் பின்பக்கமாகத்தான். படகு வலித்துப் பார்த்தார், பசிதான் கூடியது.

காது மந்தமாகி, ஹார்வி என்ற வைத்தியரிடம் போனார். அவரோ காதை விட்டு வயிற்றைப் பிடித்தார். சீனி, பால், வெண்ணெய், பியர், உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தம். பாண் பெயருக்கு ஒரு துண்டு. காலை, பகல், இரவு இறைச்சி அல்லது மீன்.  (வைன் மட்டும் விலக்கப்படவில்லை; அது நமக்கு வேண்டாம்.) ஓராண்டில் 46 இறாத்தல் இறங்கியது. 1863 இல் அதனைச் சிறு நூலாக எழுதி வெளியிட்ட பான்டிங், 81 வயது வரை வாழ்ந்தார்.

ஆனால் இது மந்திரமல்ல. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 609 பேரிடம் ஓராண்டு நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், மாப்பொருளைக் குறைத்தோருக்கும் கொழுப்பைக் குறைத்தோருக்கும் எடை இறக்கத்தில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை.

நீரிழிவுக்காக இன்சுலினோ மாத்திரையோ பாவிக்கும் சகோதர சகோதரிகள் சோற்றைத் திடீரென நிறுத்தினால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். மயக்கம்கூட வரலாம். முதலில் வைத்தியரைக் கண்டு மருந்தளவைச் சரிசெய்து கொள்ளுங்கள். சோற்றுக் கோப்பையைப் பிறகு பார்க்கலாம்.