புதுக்கோட்டை ராஜாவின் மெல்பர்ன் கல்யாணம்: மகனுக்கு ஏன் பட்டம் கிடைக்கவில்லை?

விருதுநகரும் சிவகாசியும் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், நேரடி பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. இந்தப் பக்கத்து ஜமீன்களில் வாரிசுத் தகராறு வந்தால் கோர்ட்டில்தான் தீரும். ராமநாதபுரம், சிவகங்கை வழக்குகள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கின்றன.

பக்கத்துப் புதுக்கோட்டையில் கதை வேறு. அது சமஸ்தானம், 17 குண்டு முழங்கும் மரியாதை கொண்டது. அங்கே அடுத்த ராஜா யார் என்பதை எந்த நீதிபதியும் விசாரிக்க முடியாது. பிரிட்டிஷ் அரசு யாரை ஏற்கிறதோ அவரே ராஜா.

1915 ஆகஸ்டில் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மெல்பர்னில் மணந்தார். அவருக்கு வயது 39, மணமகளுக்கு 20-ஐ ஒட்டி. வெள்ளைக்காரப் பெண் இந்திய அரண்மனைக்கு ராணியாவது ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அவரை ராணியாக அங்கீகரிக்க மறுத்தார்கள். தம்பதியர் புதுக்கோட்டைக்கு வந்தபோது வரவேற்பும் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. கர்ப்பிணி ராணி நோயுற்றதும் அரளி விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. 1916-ல் இருவரும் ஆஸ்திரேலியா திரும்பினார்கள். அதே ஆண்டு சிட்னியில் மகன் பிறந்தான். பெயரே மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான்.

ராஜாவின் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. மனைவிக்கும் மகனுக்கும் அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். 1922-ல் நிர்வாகம் சகோதரர் விஜய ரகுநாத துரைராஜாவிடம் போக, ராஜா ஐரோப்பாவில் தங்கினார். 1928-ல் பாரிஸில் காலமானார். தகனம் லண்டனில் நடந்தது. அரியணையில் ஆங்கிலேயர் அமர்த்தியது ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்த்தாண்ட பைரவரே மகன்வழி வாரிசு அல்ல. முந்தைய ராஜா ராமச்சந்திரத் தொண்டைமான் சுவீகாரம் எடுத்த மகள்வழிப் பேரன். சுவீகாரம் செல்லும், பெற்ற பிள்ளை செல்லாது! ரத்தம் அல்ல, அரசாங்கத்தின் சம்மதமே வாரிசைத் தீர்மானித்தது.

மற்ற சமஸ்தானங்களும் இதற்கு விலக்கல்ல. கபூர்தலா மகாராஜா 1908-ல் மணந்த ஸ்பெயின் நாட்டு அனிதா டெல்காடோவுக்கும் பிரிட்டிஷ் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

இந்தக் கெடுபிடி லண்டன் அரண்மனையிலும் இருந்தது. தம்பியின் கல்யாணத்தால் எரிச்சலடைந்த மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1772-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்; மன்னரின் சம்மதம் இல்லாத அரச குடும்பத் திருமணம் செல்லாது என்றது அது. அதை மாற்றிய 2013 சட்டப்படி, அரியணை வரிசையில் முதல் ஆறு பேர் மட்டும் சம்மதம் கேட்டால் போதும். கேட்காமல் மணந்தால் திருமணம் செல்லும், அரியணை உரிமை போகும். நெதர்லாந்தில் இளவரசர் ஃப்ரிசோ 2004-ல் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் மேபல் விஸ்ஸே ஸ்மித்தை மணந்து, அரியணை வரிசையிலிருந்து வெளியேறினார். ஜப்பானில் ஒப்புதல் கிடைத்தாலும் பயனில்லை. சாதாரணக் குடிமகனை மணக்கும் இளவரசி பட்டத்தை விட்டாக வேண்டும். 2021-ல் மாகோவுக்கு நடந்தது அதுதான்.

புதுக்கோட்டை 1948-ல் இந்தியாவோடு இணைந்தது. 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒழித்தது. சிட்னி தொண்டைமான் அதற்குப் பிறகும் 13 ஆண்டுகள் வாழ்ந்து, 1984-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இறந்தார்.