அக்காவும் மாமாவும் ஊட்டி போறாங்க: ப்ளான் போடப் போறது நீங்க

வீட்ல அக்காவுக்கோ அண்ணனுக்கோ கல்யாணம் முடிஞ்ச ரெண்டாவது வாரம் அந்தக் கேள்வி வந்துடும்: "ஊட்டியா, கொடைக்கானலா?" அந்த வீட்ல ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் இருந்தா டிக்கெட், ரூம், இ-பாஸ் எல்லாம் அவங்க தலையிலதான். "நீதான எப்பவும் லேப்டாப்லயே உக்காந்திருக்க, நீயே பாத்துப் போட்டுடு." மெக்கானிக்கல் படிச்சாலும் சிவில் படிச்சாலும் இந்த டயலாக் மட்டும் மாறாது. அந்த வேலை உங்ககிட்ட வரும்போது உதவட்டும்னுதான் இதை எழுதுறேன். நீலகிரியை உதாரணமா எடுத்துக்கலாம்.

ஒண்ணை மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணம்னா, சொந்தக்காரங்க யாரும் சுத்தி இல்லாம அவங்க ரெண்டு பேரும் நிதானமா பேசப்போற முதல் மூணு நாள் அனேகமா இதுதான். அதுல ஒண்ணரை நாள் முன்னாடி நிக்கிற காரோட நம்பர் பிளேட்டைப் பார்த்தே போச்சுன்னா, நஷ்டம் பணம் மட்டும் இல்ல.

எப்போ போறது?

மேல ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்துல இருக்கு, ஊட்டி சுமார் 2,200 மீட்டர். கணக்குப் போட்டா 12 டிகிரி வித்தியாசம். கீழ கத்திரி வெயில் கொளுத்தும்போது மேல ஸ்வெட்டர். ஏப்ரல், மே மாசத்துல மொத்த தமிழ்நாடும் ஒரே மலை மேல ஏறுறதுக்கு இந்த 12 டிகிரிதான் காரணம்.

விளைவு என்னன்னா, சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு. 2025 சீசனுக்கு எண்ணிக்கையும் கட்டுப்படுத்தினாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும்னு கணக்கெடுக்குற வேலை ஐஐடி மெட்ராஸுக்கும் ஐஐஎம் பெங்களூருக்கும் போச்சு. நம்ம நெட்வொர்க் பாடத்துல படிக்கிற அதே விஷயம்தான்: லைன்ல இடம் இல்லன்னா உள்ள விட்டுட்டு எல்லாரையும் மெதுவாக்குறதை விட, வாசல்லயே நிறுத்துறது நல்லது. விதிகள் சீசனுக்கு சீசன் மாறலாம், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அரசு இணையதளத்துல ஒரு தடவை பார்த்துடுங்க. அரசு பஸ்லயோ ரயில்லயோ போறவங்களுக்கு இ-பாஸ் தேவையில்ல. இது முக்கியம், இதுக்குத் திரும்ப வருவோம்.

மத்த மாசங்கள்? ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை, கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். அக்டோபர், நவம்பர்ல வடகிழக்குப் பருவமழை. அப்போ குன்னூர் பக்கம் மண் சரிஞ்சு மலை ரயிலை நிறுத்துறது சகஜம். ஜனவரி, பிப்ரவரியில வானம் தெளிவா இருக்கும், ராத்திரியில உறைபனி விழும், கூட்டம் குறைவு. தை மாச முகூர்த்தத்துல கல்யாணம் ஆனவங்க கொடுத்து வச்சவங்க. பொங்கல் லீவைத் தாண்டி, திங்கள்ல ஆரம்பிச்சு வியாழனுக்குள்ள முடியுற மாதிரி தேதி பாருங்க.

எப்படி ஏறுறது?

என் ஓட்டு மலை ரயிலுக்குத்தான். சென்னையில ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா, காலையில மேட்டுப்பாளையத்துல மலை ரயிலைப் பிடிக்கலாம். 46 கிலோமீட்டர் போக அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். "அவ்வளவு நேரமா?"ன்னு மாமா கேட்பார். ஏன் அவ்வளவு நேரம்னு நீங்க அவருக்குச் சொல்லுங்க.

இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் நடுவுல உராய்வு ரொம்பக் கம்மி. சமவெளியில அதுதான் ரயிலோட பலம், மலையில அதுவே பலவீனம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல ஏறத்தாழ 12 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறணும். சாதாரண எஞ்சின் அங்க வழுக்கும். அதனால ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல் வச்ச ரெண்டு இரும்புப் பட்டைகளைப் பக்கத்துல பக்கத்துல பதிச்சிருக்காங்க. ஒரு பட்டையில பல் வர்ற இடத்துல அடுத்ததுல பள்ளம் வரும். எஞ்சினுக்குக் கீழ இருக்கிற பல் சக்கரம் அதைக் கவ்விப் பிடிச்சு ஏறும், எந்த நொடியிலயும் பிடி விடாது. ஆப்ட் முறைன்னு இதுக்குப் பேர். எஞ்சின் முன்னாடி இருந்து இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். நடுவுல ஒரு கொக்கி அறுந்தாலும் பெட்டி எஞ்சின் மேலதான் சாயும், மலையில உருளாது. 1899-ல குன்னூர் வரைக்கும், 1908-ல ஊட்டி வரைக்கும் இந்தப் பாதை வந்துச்சு. 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துச்சு. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும், ரூமுக்கு முன்னாடி இதை புக் பண்ணுங்க.

கார்லதான் போவேன்னு மாமா அடம்பிடிச்சா, இறங்குறதைப் பத்தி மட்டும் கண்டிப்பா பேசுங்க. 1,500 கிலோ எடையுள்ள கார் 1,900 மீட்டர் இறங்கினா வெளிய போக வேண்டிய சக்தி சுமார் 28 மெகாஜூல். கிட்டத்தட்ட 80 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. எல்லாத்தையும் பிரேக்கே தாங்கணும்னா அது காய்ஞ்சு பிடிப்பு போயிடும். எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்கன்னு மலை டிரைவர்கள் சொல்றது இதனாலதான். நியூட்ரல்ல போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலையே வேண்டாம். வளைவுல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும்.

எங்க தங்குறது, என்ன பார்க்கிறது?

ஊட்டியிலதான் ரூம் போடணும்னு சட்டம் இல்ல. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், குளிரும் மிதம், சத்தமும் கம்மி. முதல் நாள் சாயங்காலம் சிம்ஸ் பூங்கா, 1874-லிருந்து இருக்கிற இடம். நிதானமா நடக்கலாம். மறுநாள் காலையிலேயே லேம்ப்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ். அங்க இருந்து எதிர் மலையில கேத்தரின் அருவி வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். பத்து மணிக்கு மேல பனி மூட்டம் ஏறிடுச்சுன்னா எதுவும் தெரியாது, அதனால தூக்கத்தைக் கொஞ்சம் தியாகம் பண்ணச் சொல்லுங்க. மத்தியானம் கோத்தகிரி. ஊருக்குப் பக்கத்துலயே லாங்வுட் சோலைன்னு ஒரு காடு இருக்கு. உள்ள போக வனத்துறை அனுமதி பத்தி முன்னாடியே விசாரிச்சுடுங்க.

மூணாவது நாள் ஊட்டி. 1848-ல தொடங்கின தாவரவியல் பூங்கா, நேரம் இருந்தா 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா. கடை வீதியில வர்க்கி வாங்குங்க. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா பின்னுற பூத்துக்குளி வேலைப்பாட்டுக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கினா அது நல்ல நினைவா இருக்கும். தேயிலைத் தோட்டத்துல காட்டெருமை நின்னா, செல்ஃபிக்காகக் கிட்டப் போகவே கூடாது.

அந்தச் சோலை எதுக்கு?

லாங்வுட்டை லிஸ்ட்ல சேர்த்ததுக்குக் காரணம் இருக்கு. ஊட்டின்னா நமக்கு நினைவு வர்ற கற்பூர மரம், சீகை மரம், பைன் எல்லாம் வெளியிலிருந்து கொண்டு வந்து நட்டது. நீலகிரியோட சொந்தக் காடு வேற: மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகள்ல குட்டை மரங்களோட சோலை. மழையையும் பனியையும் இந்தப் புல்லும் சோலை மண்ணும் பஞ்சு மாதிரி உறிஞ்சு வச்சுக்கிட்டு, கோடையில கொஞ்சம் கொஞ்சமா ஓடையில விடும். பைக்காரா இப்படி ஓடுற ஆறுதான். அதுல 1932-லேயே மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க, கோயம்புத்தூர் மில்கள் பெருகினதுல அந்தக் கரண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பைக்காரா கீழ இறங்கி மோயாறு ஆகி, பவானிசாகர்ல பவானியோட சேருது. ஈரோடு பக்கத்து வயலுக்குப் பாயுற தண்ணி அது. அதாவது ஊட்டியில என்ன நடந்தாலும் கீழ இருக்கிறவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு.

இ-பாஸ் தொல்லைன்னு திட்டுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. ரெண்டு பேர் ஒரு கார்ல போனா ரோட்டுல ஒரு காரோட இடம் போகும். அம்பது பேர் ஒரு பஸ்ல போனா, ரோட்டுல இருபத்தஞ்சு கார் குறையும். ரயில், பஸ், உள்ளூர்ல ஆட்டோ, ஜீப்னு போட்டா ஜோடிக்கும் டிரைவிங் டென்ஷன் இல்ல, மலைக்கும் பாரம் குறைவு, காசும் உள்ளூர்க்காரங்க கைக்குப் போகும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு அங்க தடை இருக்கு, பையில ஸ்டீல் பாட்டில் வச்சு அனுப்புங்க.

ப்ளானை ஒரே பக்கத்துல எழுதிக் கொடுங்க. ஒரு நாளைக்கு மூணு இடத்துக்கு மேல வேண்டாம், மத்தியானத்துல ரெண்டு மணி நேரம் காலியா விடுங்க. அவங்க கிளம்பினதுக்கு அப்புறம் "எங்க இருக்கீங்க, போட்டோ அனுப்புங்க"ன்னு மணிக்கொரு தடவை போன் பண்ணாதீங்க. அம்மாவையும் பண்ண விடாதீங்க. ப்ளான்லயே கஷ்டமான வேலை அதுதான்.