அசனச் சோறும் நம் கிட்டங்கி அரிசியும்

நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் கடை வைத்திருக்கும் நம் வணிக நண்பர்களுக்கு அசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்கள் பலவற்றில் பிரதிஷ்டைப் பண்டிகையையொட்டி ஊரையே உட்கார வைத்துச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறுவார்கள். செலவு சபையாருடையது. பணமாகத் தருவோர் உண்டு. அரிசி, ஆடு, தேங்காய், விறகு என்று பொருளாகத் தருவோரும் உண்டு. கொடுக்க இயலாதவர் முந்தின இரவே வந்து வெங்காயம் உரிப்பார். அதுவும் காணிக்கைதான்.

அறுப்பின் பண்டிகை வேறு விதம். விளைந்ததைப் படைத்து ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் கடைவிலையைப் போலப் பல மடங்கு போகும். விலை தெரிந்த நாமே ஏலம் கேட்டிருக்கிறோம்! (வீட்டில் திட்டு வாங்கியதும் உண்டு.)

ஒரு வருடம் அசனத்துக்கென்று நம் கிட்டங்கியிலிருந்து இரண்டு மூட்டை அரிசி இனாமாக அனுப்பினோம். உண்மையைச் சொன்னால், வண்டு விழுந்து விலை போகாமல் கிடந்த சரக்கு அது. பண்டிகைக்கு முந்தின மாலை எட்டிப் பார்க்கப் போனோம். ஏழெட்டுப் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து அந்த அரிசியைத்தான் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. "வாங்க அண்ணாச்சி, டீ குடிங்க" என்று தம்ளரை நீட்டினார்கள். தொண்டைக்குள் இறங்கவில்லை. அன்றிரவே நல்ல அரிசியாக இரண்டு மூட்டை ஏற்றி அனுப்பிவிட்டு, பழையதைத் திரும்ப எடுத்துக் கோழித் தீவனத்துக்குத் தள்ளினோம்.

இப்போதெல்லாம் அசனச் சீட்டு வந்தால், நம் வீட்டுக்கு எடுக்கும் ரகத்திலேயே போடும்படி கணக்குப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இனாம் போக மீதிச் சரக்குக்குப் பண்டிகை முடிந்து காணிக்கை எண்ணியதும் பட்டுவாடா செய்துவிடுகிறார்கள். இதுவரை பாக்கி நின்றதில்லை.